ஓடைக்குப் போகிற வழி

பக்ஹார்ன் பள்ளம், ஆர்கன்சா
1949 செப்டம்பர் 21

அன்புத் தம்பி ஹெர்ஷலுக்கு,

அக்கா டோவி எழுதுகிறேன். உன் தந்தி அடக்கத்துக்கு மறுநாள்தான் வந்து சேர்ந்தது. டெக்ஸஸில் பிரசங்கக் கூட்டங்களை நடுவில் விட்டுவிட்டு வர முடியாது என்பது எனக்கும் தெரியும். கோபம் ஒன்றும் இல்லை. கொஞ்சம் இருக்கிறது, எழுதி முடிப்பதற்குள் போய்விடும்.

அத்தான் எப்படிப் போனார் என்று கேட்டிருந்தாய். ஞாயிற்றுக்கிழமை காலை நான் பீன்ஸ் கிள்ளிக்கொண்டிருந்தேன். மனிதர் சவரம் செய்துகொண்டு, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு அடுப்படி வாசலில் வந்து நின்றார். அந்தச் சட்டையை அவர் சாவுக்குத்தான் எடுப்பார்.

"யாரு செத்துட்டா?" என்று கேட்டேன்.

"யாரும் சாகல. ஓடையில இன்னிக்கு உன் தம்பியோட ஆளுங்க முழுக்கு ஞானஸ்நானம் குடுக்கறாங்களாம். நானும் போய் நனைஞ்சிட்டு வந்துடறேன்."

நான் சிரித்துவிட்டேன். நீயே சொல், சிரிக்காமல் என்ன செய்வேன்? நீ ஜூலையில் வந்து வராந்தாவில் உட்கார்ந்து வேதத்தை விரித்தபோது உன்னை என்ன கேலி செய்தார்! "பாப்டிஸ்ட்டுக்காரன் ஒருதரம் நனைஞ்சா ஆயுசுக்கும் காயமாட்டான். உங்க ஆளுங்க வாரா வாரம் ஈரம் இருக்கான்னு தொட்டுத் தொட்டுப் பாக்கறாங்க. ரெண்டு பேருக்கும் நடுவுல நான் காஞ்சே கெடந்துட்டுப் போறேன்." அப்படிப் பேசிய மனிதர் அன்று சிரிக்கவில்லை. "சாப்பாட்டுக்கு வந்துடுவேன்" என்றார், போனார்.

வளைவில் நிற்கிற காட்டத்தி மரத்தின் கிளை அவர்மேல் விழுந்தது. காற்று இல்லை தம்பி. இலைகூட அசையவில்லை. ஓடையில் பாடுவது அந்த வளைவில் நன்றாகக் கேட்கும். பாட்டைக் கேட்டுக்கொண்டே போயிருக்கிறார். தண்ணீர் அங்கிருந்து கண்ணுக்கெட்டும் தூரம்தான்.

எங்கள் பாப்டிஸ்ட் போதகர் அடக்கத்தில் நன்றாகப் பேசினார். "ஹோபர்ட் ஸ்டால்கப் விசுவாசித்து வீட்டை விட்டுப் புறப்பட்டபோதே பரலோகத்தில் அவர் பேருக்கு நாற்காலி போட்டாயிற்று" என்றார். எங்கள் சபையார் ஆமென் சொன்னார்கள். உன் கிறிஸ்துவின் சபைக்காரர்களும் வந்திருந்தார்கள், நல்ல மனிதர்கள், சவப்பெட்டியைச் சுமந்ததே அவர்கள்தான். ஆனால் முழுக்கு இல்லாமல் மோட்சம் இல்லை என்பவர்களாயிற்றே, அந்த ஆமெனுக்கு மட்டும் எல்லாரும் தங்கள் தொப்பியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நீ வந்திருந்தால் ஆமென் சொல்லியிருப்பாயா?

உன் அக்கா
டோவி


ஆல்டர் ஸ்பிரிங்ஸ், டெக்ஸஸ்
1949 அக்டோபர் 2

அன்புள்ள அக்காவுக்கு,

ஹெர்ஷல் எழுதிக்கொள்வது. உன் கடிதத்தை என் மனைவி வேலா வாசித்துவிட்டு அழுதாள். நான் அழுததைப் பிள்ளைகள் பார்க்கவில்லை. அத்தானைப்போல என்னைக் கேலி செய்ய இனி யார் இருக்கிறார்கள்?

அந்த நேரத்தில் யார் ஆமென் சொன்னார்கள், யார் சொல்லவில்லை என்று பார்த்துக்கொண்டா நின்றாய் அக்கா? சின்ன வயதிலிருந்தே நீ அப்படித்தான். நாம் எல்லாரும் கண்ணை மூடி ஜெபித்தால் நீ யார் கண்ணைத் திறந்திருக்கிறார்கள் என்று பார்ப்பாய்.

சர்வலோகத்துக்கும் நியாயாதிபதி நீதி செய்யாமல் இருப்பாரா? அவர் கையில் விட்டுவிடு. குளிர்காலத்துக்கு இங்கே வந்து இரு. பின்னறையைக் காலி செய்து வைத்திருக்கிறோம். வேலா உனக்குப் போர்வை தைக்கிறாள்.

அன்புடன்
உன் தம்பி
ஹெர்ஷல்


பக்ஹார்ன் பள்ளம்
1949 அக்டோபர் 19

அன்புத் தம்பிக்கு,

போர்வைக்கு வேலாவிடம் நன்றி சொல். நான் கேட்டது போர்வை இல்லை. ஆமா, இல்லையா என்று கேட்டேன். வாத மேடையில் எங்கள் போதகர்களை அந்த ஒரு சொல்லுக்காகத்தானே நீ விரட்டுவாய்? நான் கேட்டால் மட்டும் நியாயாதிபதியின் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறாய்.

இங்கே ஒரு சேதி. நீயாக வேறு யார் வாயிலாவது கேட்பதற்குமுன் நானே சொல்லிவிடுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை நல்ல மழை. க்ளீட் ரெயின்போல்ட்டின் கடையில் உப்பு வாங்க நின்றுகொண்டிருந்தேன். தையல் மெஷின் விற்கிற வெளியூர்க்காரன் ஒருவன் சொட்டச் சொட்ட உள்ளே வந்தான். காப்பி கேட்டான். பிறகு, "உங்க ஊருல ஒரு பெரியவரு வெள்ளைச் சட்டையோட வண்டிய மறிச்சு, 'ஓடை இந்தப் பக்கந்தானேங்க?'ன்னு கேட்டாரு. ஆமான்னேன். அந்தச் சட்டை என்ன துணிங்க அது? இந்தப் பேய்மழையில கஞ்சி கலையாம மொடமொடன்னு நிக்குது!" என்றான்.

க்ளீட் காப்பியைக் கோப்பைக்கு வெளியே ஊற்றிக்கொண்டிருந்தார்.

அந்த ஆள் போனதும் ஆரம்பித்தார்கள் பார். க்ளீட் எங்கள் சபையின் உதவிக்காரர் இல்லையா? "இரட்சிக்கப்பட்டவன் எதுக்கய்யா மழையில அலையறான்? அது பிசாசு போட்ட வேஷம்" என்றார்.

உன் சபை வெர்ஜில் டக்கெட் விடுவாரா? "வேஷமும் இல்ல கூஷமும் இல்ல. தண்ணியில எறங்காதவன் மேலயும் போகல, கீழயும் போகல. நாங்க சொன்னா கேக்கல, இப்ப அவரே வந்து சொல்றாரு."

"இயேசு பக்கத்துல சிலுவையில தொங்கின கள்ளன் பரலோகம் போனானே, அவன் எந்த ஓடையில எறங்கினான்?"

"அவன் செத்தது முழுக்குக் கட்டளை வர்றதுக்கு முன்னாடி!"

மூலையில் மெதடிஸ்ட் பெரியவர் ஏசா ஃபிஞ்ச் புகைக்குழாய் பிடித்துக்கொண்டிருந்தார். "ஒரு அகப்பைத் தண்ணி தலையில தெளிச்சா முடியற வேலை. அதுக்கு ஆளை ஓடை வரைக்கும் நடக்கவிட்டுக் கொன்னுட்டீங்க ரெண்டு பேரும்" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். பிறகுதான் நான் நிற்பதைப் பார்த்தார்கள். க்ளீட் உப்பை இரண்டு தரம் நிறுத்து, நிறையவே போட்டுக் கொடுத்தார்.

மழை விட்டு வீட்டுக்கு வந்தேன். நாய் சாம்சன் வேலிக் கதவருகே உட்கார்ந்து சாலையைப் பார்த்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. சாலையில் யாரும் இல்லை.

உன் பதிலுக்குக் காத்திருக்கிறேன். ஒரு சொல் போதும்.

உன் அக்கா
டோவி


ஆல்டர் ஸ்பிரிங்ஸ்
1949 நவம்பர் 4

அன்புள்ள அக்கா,

முதலில் அந்தத் தையல் மெஷின்காரனை விடு. செத்துப்போன ஐசுவரியவானுக்கும் லாசருவுக்கும் நடுவில் பெரும்பிளவு உண்டு என்று நாம் வாசித்திருக்கிறோம். அங்கே போனவன் தன் சகோதரர்களை எச்சரிக்கக்கூட இங்கே அனுப்பப்படவில்லை. அப்படியிருக்க, வழி கேட்க அனுப்புவார்களா? ஊர் வாய்க்கு மூடி கிடையாது. அதற்குள் நீ விழாதே.

இனி நீ கேட்டது. ஒரு வாரமாக எழுதிக் கிழித்துப் போடுகிறேன்.

நான் பிரசங்கிக்கிற வேதத்தின்படி, விசுவாசித்து முழுக்குப் பெற்றவன் இரட்சிக்கப்படுவான். அத்தான் முழுக்குப் பெறவில்லை. என் சொந்த அத்தான் என்பதற்காக நடுவிலிருக்கிற சொல்லை உருவிவிட எனக்கு அதிகாரம் இல்லை. தேவனுடைய இரக்கம் எவ்வளவு தூரம் நீளும் என்று எனக்குத் தெரியாது, அதை நம்பியிருக்கிறேன். ஆனால் ஆமென் சொல்லியிருக்க மாட்டேன் அக்கா. தொப்பியைப் பார்த்துக்கொண்டுதான் நின்றிருப்பேன்.

பொய் சொல்லி உன்னைத் தேற்றியிருக்கலாம். நீ கண்டுபிடித்துவிடுவாய்.

அழுகையோடு
ஹெர்ஷல்


பக்ஹார்ன் பள்ளம்
1949 டிசம்பர் 1

அன்புத் தம்பிக்கு,

பதில் சொல்லிவிட்டாய். நல்லது. படித்ததும் உன் கடிதத்தை அடுப்பில் போட்டேன். பிறகு தணிந்துவிட்டது. பொய் சொல்லாததற்கு நன்றி.

நீ வருத்தப்பட்டுக்கொண்டு இருக்காதே. எனக்கு இப்போது அவ்வளவு வருத்தம் இல்லை. அவரைப் பார்த்தேன்.

பெரும்பிளவு என்றாயே, எந்தோரில் குறிகாரி கூப்பிட்டதும் செத்த சாமுவேல் எழும்பி வந்தாரே, அவர் எந்தப் பாலத்தின் வழியாக வந்தார்? இதற்கு உன் ஆளுங்களிடம் கேட்டு எழுது.

நம் தபால் பெட்டி சாலையோரத்தில் இருப்பது உனக்கு நினைவிருக்கும். பொழுது சாய்கிற நேரம். பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால், "ஓடை இந்தப் பக்கந்தானேங்க அம்மா?" என்று குரல். திரும்பினேன். அவர்தான். வெள்ளைச் சட்டை. மேல் பட்டன் போட மறந்திருந்தார், அன்றும் மறந்துதான் போனார். முகத்தில் அடியில்லை, ரத்தமில்லை. என்னைப் பார்த்தார். வெளியூர்ப் பெண்பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

அம்மா என்று மரியாதையாகக் கூப்பிட்டார் தம்பி! கல்யாணமான நாளிலிருந்து அந்த மனிதர் எனக்குக் கொடுத்த முதல் மரியாதை. சிரிப்பதா ஓடுவதா என்று தெரியவில்லை. கால் இரண்டும் மரத்துப்போய் நின்றேன். "ஆமா, நேராப் போங்க" என்று என் வாய் சொன்னது. நடந்தார். நானும் பக்கத்தில் நடந்தேன். காய்ந்த இலைமேல் என் காலடி மட்டும்தான் சத்தம் போட்டது. வளைவு நெருங்க நெருங்க ஓடையில் பாடுகிற சத்தம் கேட்டது. நவம்பர் குளிரில் ஓடையில் யார் இருக்கிறார்கள்? காட்டத்தி மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தார். பாட்டு நின்றது. அவர் இல்லை.

அதற்குப் பிறகு வாராவாரம் பார்க்கிறேன். சில வாரம் இரண்டு நாள்கூட வருகிறார். இப்போது கால் மரத்துப்போவதில்லை. ஊர்க்கதை சொல்லிக்கொண்டே நடப்பேன். யார் பன்றி அறுத்தார்கள், க்ளீட் எந்தத் தராசில் ஏமாற்றினார், எல்லாம். தலையை ஆட்டிக் கேட்பார். உயிரோடு இருந்தபோது இவ்வளவு கேட்டதில்லை.

ஏசா பெரியவர் சொன்னதைச் செய்தே விட்டார். போன வியாழக்கிழமை வாளியும் அகப்பையுமாக வேலி ஓரம் ஒளிந்திருந்து, உன் அத்தான் கடந்துபோகும்போது பிதா குமாரன் பரிசுத்த ஆவி என்று சொல்லி வீசினார். தண்ணீர் அத்தானின் உடம்பு வழியாகப் போய் அந்தப் பக்கம் நின்ற சாம்சன் தலையில் விழுந்தது. மெதடிஸ்ட் சபையில் ஒரு நாய் சேர்ந்துவிட்டதாக க்ளீட் கடையில் ஒரே பேச்சு. வரும் ஞாயிறு காணிக்கைத் தட்டை அதனிடம் நீட்டுவார்களா என்று கேட்கிறார்கள். ஏசா பெரியவர் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அவர் இந்தச் சாலைப் பக்கமே வருவதில்லை. தண்ணீர் போன வழியாக மறுபக்கத்து வேலி தெரிந்ததாம்.

குளிர்காலத்துக்கு அங்கே வரவில்லை. போர்வையை அனுப்பிவிடச் சொல்.

உன் அக்கா
டோவி


ஆல்டர் ஸ்பிரிங்ஸ்
1950 ஜனவரி 15

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை வேலாவிடம் காட்டவில்லை. துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று முதலில் நினைத்தேன். பிறகு வெர்ஜிலுக்கு எழுதிக் கேட்டேன். அவரும் பார்த்திருக்கிறார். வெர்ஜில் டக்கெட் துக்கத்தில் பேதலிக்கிற ஆளில்லை, அவர் மாடு செத்தபோதுகூடப் புல்லின் விலை பேசிக்கொண்டிருந்தார்.

போன வாரம் மேடையில் ஒன்று நடந்தது. நான் வாதத்துக்கு நிற்கும்போதெல்லாம் உங்கள் சபையார் கேட்கிற கேள்வி உனக்குத் தெரியும்: "ஒருத்தன் முழுக்குக்குப் போற வழியில செத்தா என்ன ஆவான்?" நான் எப்போதும், "அதனாலதான் வேகமா நடங்கன்னு சொல்றேன்" என்பேன். கூடாரமே சிரிக்கும். இந்த முறையும் கேட்டார்கள். தண்ணீர் குடித்தேன். மறுபடி தண்ணீர் குடித்தேன். கடைசியில் மூப்பர் ஒருவர் எழுந்து பாட்டு ஆரம்பித்துவிட்டார்.

அக்கா, நீ எழுதியதில் ஒன்று என்னைத் தூங்கவிடவில்லை. அவர் ஒவ்வொருவரையும் நிறுத்தி ஓடைக்கு வழி கேட்கிறார். எல்லாரும் வழி சொல்கிறார்கள். ஒருவர்கூட அவரை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. ஒரு மனிதன் தண்ணீருக்குப் போக ஆசைப்பட்டு வாசலிலேயே நின்றுகொண்டிருக்கிறான். இதைவிடப் பெரிய வேதனை உண்டா? உங்கள் ஆட்கள் பிசாசு என்கிறார்கள், எங்கள் ஆட்கள் சாட்சி என்கிறார்கள். அவர் மனிதர் என்று யாருக்கும் தோன்றவில்லையா?

பிப்ரவரி கடைசியில் வருகிறேன்.

உன் தம்பி
ஹெர்ஷல்


பக்ஹார்ன் பள்ளம்
1950 பிப்ரவரி 20

அன்புத் தம்பிக்கு,

அவசரமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள். அல்மீடாவுக்கு நாள் நெருங்கிவிட்டது. தலைப்பிரசவம், பெற்ற தாய் நான் போகாமல் முடியாது. ஃபோர்ட் ஸ்மித்துக்குப் பஸ்ஸில் போகிறேன். நீ வருகிற நேரத்தில் நான் இருக்க மாட்டேன். அடுத்த மாதம் வாயேன் என்றால் கேட்கவா போகிறாய்?

வந்தால் சாவி வெர்ஜில் வீட்டில் இருக்கிறது. தொங்கவிட்ட பன்றித்தொடை பின்கொட்டகையில். கோழிக்கும் சாம்சனுக்கும் வெர்ஜில் மகள் தீனி போடுவாள்.

அவரை யாரும் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை என்று எழுதியிருந்தாய். வழி கேட்கிறவர்கள் எல்லாரும் போய்ச் சேரத்தான் கேட்கிறார்கள் என்று உனக்கு யார் சொன்னது? இந்தப் பக்கத்தில் பாதிப் பேர் பேச்சுத்துணைக்குத்தான் வழி கேட்பார்கள்.

முந்தாநாள் வேலியோரம் நின்று, "உங்க வீட்டுல சோள ரொட்டி வாசனை வருதே" என்றார். இதுவரை ஓடையைத் தவிர வேறு வார்த்தை பேசியதே இல்லை. அவருக்குக் குளிருமோ என்னவோ என்று நினைத்துக்கொண்டேன். நான் இப்போது நல்ல உடுப்பைப் போட்டுக்கொண்டுதான் தபால் பெட்டிக்குப் போகிறேன். சிரிக்காதே.

பார்த்தால் வணக்கம் சொல். வாதத்துக்கு இழுக்காதே. அவருக்கு வாதம் பிடிக்காது.

உன் அக்கா
டோவி


உன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலிருந்து
1950 மார்ச் 1

அன்புள்ள அக்கா,

நீ வரும்வரை காத்திருக்க முடியவில்லை, காலையில் பஸ். அதனால் இதை எழுதி மேஜையில் சர்க்கரை ஜாடிக்கு அடியில் வைத்துவிட்டுப் போகிறேன். அல்மீடாவுக்கு ஆண் பிள்ளை என்று வெர்ஜில் சொன்னார். தேவனுக்கு ஸ்தோத்திரம்.

நேற்று சாயங்காலம் சாம்சன் எழுந்து வேலிக் கதவுக்குப் போனது. நானும் போனேன். நீ எழுதியபடியே வந்தார். "ஓடை இந்தப் பக்கந்தானேங்க?"

வேலிக் கதவைத் திறந்தேன். பிறகு சொன்னேன்: "ஆமா அத்தான். வாங்க, நானும் அங்கதான் போறேன்."

"நல்லதாப் போச்சு. தனியாப் போனா எங்கயோ தப்பிப் போயிடுதுங்க" என்றார். அந்தச் சொல் என்னை அறுத்தது.

நடந்தோம். வளைவில் பாட்டுச் சத்தம் தொடங்கியது. எனக்குத் தெரிந்த பாட்டுதான், ஆனால் பாடுகிறவர்கள் யாரும் எனக்குத் தெரிந்தவர்கள் இல்லை. மரத்தடியில் நின்றுவிட்டார். அண்ணாந்து பார்க்கப் போனார். நான் அவர் கையைப் பிடித்தேன். ஆமாம் அக்கா, பிடித்தேன். ஏசா பெரியவரின் தண்ணீர் ஊடுருவிப் போன உடம்பு என் கைக்குள் இருந்தது. ஊற்றுத் தண்ணீரில் கிடந்த கல்லைப்போலக் குளிர்ந்திருந்தது. "மேல பாக்காதீங்க அத்தான். கண்ண மூடிக்கிட்டு என்கூட வாங்க" என்றேன். குழந்தை மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டார். மரத்தைக் கடந்தோம்.

ஓடையில் ஓரமெல்லாம் பனிக்கட்டி. நான் பூட்ஸோடு இறங்கினேன். இடுப்பளவு ஆழத்தில் நின்று கேட்க வேண்டியதைக் கேட்டேன். இயேசு கிறிஸ்து தேவகுமாரன் என்று விசுவாசிக்கிறீர்களா என்றேன். "விசுவாசிக்கிறேன்" என்றார். தெளிவாகச் சொன்னார். பிறகு கண்ணைத் திறந்து கரையைத் திரும்பிப் பார்த்தார். "எங்க வீட்டம்மாகிட்ட சாப்பாட்டுக்கு வந்துடுவேன்னு சொல்லிட்டு வந்தேனுங்க. நேரமாயிடுமா?"

"ஆகாது அத்தான்" என்றேன்.

முதுகில் கை கொடுத்து மூழ்கவைத்தேன். அக்கா, அவருக்குக் கனம் இருந்தது. முழு மனிதனின் கனம். தண்ணீர் மூடியது. பாட்டு பாதி வரியில் நின்றது. தூக்கினேன்.

கைகளில் எதுவும் வரவில்லை.

தண்ணீர் அடங்கும்வரை நின்றேன். தடவிப் பார்த்தேன். கூழாங்கல்தான். பின்னாலேயே வந்திருந்த வெர்ஜில் என்னைக் கரைக்கு இழுத்து ஏற்றினார், கால் இரண்டும் நீலமாகியிருந்தது.

அவர் எழுந்தார் என்றே விசுவாசிக்கிறேன். நம் கண்ணுக்குத் தெரிகிற பக்கமாக எழவில்லை, அவ்வளவுதான். செத்தவனுக்கு முழுக்குக் கொடுத்தேன் என்று எங்கள் மூப்பர்களுக்குத் தெரிந்தால் மேடை ஏறவிட மாட்டார்கள். போகட்டும். நீ செப்டம்பரில் கேட்டாயே, அதற்கு இப்போது பதில் சொல்ல முடியும். ஆமென் அக்கா. நெஞ்சார ஆமென்.

இனி நிம்மதியாக இரு.

உன் அன்புத் தம்பி
ஹெர்ஷல்


பக்ஹார்ன் பள்ளம்
1950 ஏப்ரல் 10

ஹெர்ஷலுக்கு,

நான் வந்து ஒரு மாதத்துக்கும் மேலாகிறது. உன் கடிதத்தைப் பார்த்த அன்றே பதில் எழுதியிருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேன். அதனால்தான் எழுதவில்லை.

நீ நல்லதை நினைத்துத்தான் செய்தாய். அதை நான் எல்லாரிடமும் சொல்கிறேன். கடையில் இன்னும் தீரவில்லை. தண்ணீருக்குள் போனதும் மேலே போய்விட்டார் பார்த்தீர்களா என்கிறார் வெர்ஜில். பிசாசுக்குத் தண்ணீர் ஆகாது, அதுதான் ஓடிவிட்டது என்கிறார் க்ளீட். நான் வேண்டியதை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறேன்.

உனக்கு ஒன்று தெரியாது. நான் ஃபோர்ட் ஸ்மித்துக்குப் புறப்படுவதற்கு முந்தின சாயங்காலம், வழக்கம்போல அவரோடு நடந்துகொண்டிருந்தேன். நின்றார். என் முகத்தை வெகுநேரம் பார்த்தார். "உங்கள எங்கயோ பாத்திருக்கேனுங்க. உங்க பேரு என்னங்க?" என்று கேட்டார். சொல்ல வாயெடுப்பதற்குள் பாட்டுச் சத்தம் வந்துவிட்டது, மரத்தைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

பரவாயில்லை, போய்விட்டு வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று பஸ் ஏறினேன். வழியெல்லாம் அதையே ஒத்திகை பார்த்தேன். எப்படிச் சொன்னால் பயப்படாமல் கேட்பார், முதலில் பேரைச் சொல்வதா, அல்மீடாவுக்குப் பிள்ளை பிறந்ததைச் சொல்வதா என்று. பேரனுக்கு ஹோபர்ட் என்றே வைத்திருக்கிறார்கள்.

சாப்பாட்டுக்கு நேரமாகிவிடுமா என்று உன்னிடம் கேட்டிருக்கிறார். நினைவு வந்துகொண்டிருந்தது ஹெர்ஷல். எல்லாம் வந்துகொண்டிருந்தது. நீ ஆகாது என்று சொல்லி அமிழ்த்தினாய்.

தூக்கியபோது எதுவும் வரவில்லை என்று நீயே எழுதியிருக்கிறாய். அதை எழுதிவிட்டு எனக்கு நிம்மதியாக இரு என்றும் எழுதியிருக்கிறாய். நான் தினமும் அந்தி நேரத்தில் ஓடை வரைக்கும் நடந்து போகிறேன். பாட்டு இல்லை. மரத்தில் புதுத் துளிர் விட்டிருக்கிறது. சாம்சன் கூட வருவதில்லை, வேலிக் கதவோடு நின்றுவிடுகிறது. கரையில் நின்று தண்ணீரைப் பார்த்து என் பேரைச் சொல்கிறேன். சத்தமாகச் சொல்கிறேன், அந்தப் பக்கத்துப் பாறையில் பட்டுத் திரும்பி வருகிறது.

வேலாவின் போர்வையை இதோடு திருப்பி அனுப்புகிறேன். நல்ல வேலைப்பாடு, அவளிடம் சொல்.

இங்கே வர வேண்டாம்.

திருமதி ஹோபர்ட் ஸ்டால்கப்